சொன்ன பேச்சு கேட்காத கப்பல்

அத்தியாயம் 14

கப்பல்காரரை நாம் விட்டுவந்தபோது அவர் மாடிப்படியின் நடுவில் நின்று சபதம் செய்துகொண்டிருந்தார்.

"இந்த வீட்ல அவன் இருக்கற வரைக்கும் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்!"

சபதம் முடிந்தது. ஆனால் ஏறுவதா இறங்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை. மாடியறையில் அந்த 'அவன்' படுத்திருந்தான். கீழே கூடத்தில் அவனுடைய அக்கா உட்கார்ந்திருந்தாள். கடைசியில் படிக்கட்டிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார்.

'அவன்' வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி. நாட்டிலுள்ள விமானத் தொழிற்சாலைகளையும் கப்பல் கட்டும் தளங்களையும் அரசாங்கமே எடுத்துக்கொள்வதாகச் சட்டம் வந்ததல்லவா? ஒவ்வோர் இடத்தையும் பொறுப்பேற்க தலைநகரிலிருந்து ஒவ்வோர் அதிகாரியை அனுப்பினார்கள். ஆற்று முகத்துவாரத்தில் இருந்த கப்பல்காரரின் தளத்துக்கு, உலகத்தில் வேறு ஆளே இல்லாததுபோல், இவனை அனுப்பினார்கள். 'சொந்த அத்தானுடைய தளம், வேறு யாரையாவது அனுப்புங்கள்' என்று அவன் கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. மனுவைவிட ரயில் வேகமாகப் போய்விட்டது.

விடுதியில் தங்குகிறேன் என்றுதான் சொன்னான். "அக்கா வீடு இருக்க விடுதியா? ஊர் என்ன பேசும்?" என்று பெட்டியைப் பிடுங்கி மாடிக்கு அனுப்பியவள் அக்காதான்.

அக்காவை எல்லோரும் மகாராணி என்பார்கள். கல்யாணமான புதிதில் கப்பல்காரர் கேலியாக வைத்த பெயர். வருடங்கள் போகப் போகக் கேலி கழன்று விழுந்தது. பெயர் பதவியாக நின்றுவிட்டது.

இன்று நண்பகலில் சட்டம் அமலுக்கு வருகிறது. காலையில் மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"உன் தம்பிகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்றார் கப்பல்காரர், முட்டையைப் பார்த்தபடி.

"தம்பி, உப்பைத் தள்ளுடா."

"அத்தானுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கேக்கா. உப்பு வேண்டாமே."

"என் தளத்தை எடுத்துக்கட்டும். என் உப்பை எடுக்க எந்தச் சட்டத்துலயும் இடமில்லன்னு சொல்லு."

"நான் என்ன தபால் பெட்டியா?" என்றாள் மகாராணி. உப்பை அவளே தள்ளினாள்.

தம்பி ஒரு டப்பாவைத் திறந்து, ரயில் நிலையத்தில் வாங்கிய காய்ந்த ரொட்டியை வெளியே எடுத்தான். மகாராணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது என்னடா?"

"சம்பந்தப்பட்ட தரப்புகிட்ட விருந்து சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்குக்கா."

"தரப்பா? நான் தரப்பா? உனக்கு மூக்கு சிந்தி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது எந்தத் தரப்பு?"

"வளர்த்த கடா மார்ல பாயுதுன்னு சொல்லு" என்றார் கப்பல்காரர். அவனைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அவர்தான்.

"அதையும் நான் வேற சொல்லணுமா? அவனுக்குக் காது நல்லாத்தான் இருக்கு."

தம்பி ரொட்டியைக் கடித்தான். பல்லுக்கும் ரொட்டிக்கும் நடந்த சண்டையில் ரொட்டிதான் ஜெயித்தது. ஆனாலும் அவன் கண் முட்டைப் பக்கம் போனதே தவிர கை போகவில்லை. அப்படி ஒரு பிறவி.

அப்போதுதான் வானொலியில் அந்தச் செய்தி வந்தது. வேறோர் ஊரில் விமானத் தொழிற்சாலை வைத்திருந்த முதலாளி ஒருவர், கட்டிமுடித்திருந்த ஒரே விமானத்தில் விடிவதற்குள் ஏறிப் பறந்துவிட்டாராம். சட்டப்படி அது குற்றமா என்று கேட்டதற்கு ஒரு வக்கீல் விளக்கம் சொன்னார். தரையில் நிற்கும் விமானமும் தளத்தில் நிற்கும் கப்பலும்தான் அரசாங்கத்துக்குச் சேரும். பறந்துகொண்டிருப்பதும் மிதந்துகொண்டிருப்பதும் சேராது.

கப்பல்காரரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"ஏழாவது பிரிவு" என்று முனகினான் தம்பி. "அந்த வரியை வெட்டுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

கப்பல்காரர் எழுந்தார். டீயைக் குடிக்கவில்லை, கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் ஓடிப்போனது. அவர் நடக்கிற ஆள். ஓடி யாரும் பார்த்ததில்லை.

*

தளத்தின் சரிவில் அந்தக் கப்பல் ஒரு வருடமாக நின்றுகொண்டிருந்தது. கப்பல்காரர் என்ற பட்டம் இருந்ததே தவிர, அவர் இதுவரை கட்டியதெல்லாம் அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகுகளும் மணல் சுமக்கும் தோணிகளும்தான். கடலுக்குப் போகத் தகுந்தது என்று கட்டியது இந்த ஒன்றைத்தான். முகப்பில் வெள்ளை எழுத்தில் 'மகாராணி' என்று எழுதியிருந்தது. "என்னை மாதிரியே வயிறு அகலமா இருக்குன்னுதானே என் பேரை வெச்சீங்க?" என்று மனைவி கேட்டபோது, கப்பல்காரர் ஏதோ வேலை இருப்பதாகத் தப்பித்துக்கொண்டார்.

"இன்னிக்கே தண்ணில விடறோம்" என்று வந்து நின்றார். "ஆத்துல தண்ணி உச்சத்துக்கு ஏறறது மதியத்துக்கு முன்னாடி. அதுக்குள்ள இறங்கணும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மதியத்துக்கு மேல நாங்க அரசாங்க ஊழியர்ங்க முதலாளி. அதுக்கப்புறம் வேலை நடக்குமான்னு சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க."

மகள் வரைபட அறையிலிருந்து ஓடிவந்தாள். கப்பல் பொறியியல் படித்தவள். சின்ன வயதில் தளமெல்லாம் சிந்திக் கிடக்கும் ஆணிகளைப் பொறுக்கித் திரிந்ததால் அவளுக்கு ஆணி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"அப்பா, சுக்கான் இன்னும் பட்டறையிலயே கிடக்கு. இன்ஜின் வரவே இல்ல."

"மிதக்குமா, மிதக்காதா?"

"மிதக்கும். ஆனா நிக்காது, திரும்பாது, சொன்ன பேச்சு கேக்காது."

"அப்ப பேர் பொருத்தம்தான்."

"விளையாடாதீங்கப்பா. இன்ஜின் வாங்க வழியில்லாமத்தானே ஒரு வருஷமா நிக்குது? அரசாங்கம் எடுத்தா இன்ஜின் வரும், கப்பல் கடலுக்குப் போகும். போகட்டுமே. யாரோடதா இருந்தா என்ன?"

இதை அவள் வீட்டில் சொன்னதில்லை. கப்பல்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீயும் அந்தக் கட்சியா?"

"நான் கப்பல் கட்சி."

"கடலுக்குப் போகும். சரி. எந்தப் பேர்ல போகும்? எடுத்த எல்லாக் கப்பலுக்கும் பேரை அழிச்சிட்டு நம்பர் போடப் போறாங்களாம், பேப்பர்ல வந்திருக்கு. உங்கம்மா பேரை அழிச்சிட்டு எழுநூத்திச் சொச்சம்னு ஒரு நம்பர்!" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். "அவளுக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதான்."

ஆணி முகப்பிலிருந்த எழுத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

"விடறதுன்னா ஒழுங்கா விடணும். சரிவு முழுக்கக் கொழுப்பு தடவணும். நம்ம மோட்டார் படகு முன்னாடியே தண்ணில தயாரா நிக்கணும், கப்பல் இறங்கினதும் கயித்தை அவங்க கையில குடுத்துடணும். காலி வயிறு, காத்து அடிச்சா எங்க வேணா போகும். மேல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது."

"நீ முட்டுக்கட்டை போடுவேன்னு நெனச்சேன்."

"முட்டுக்கட்டையை எடுக்கத்தான் போறேன். தள்ளி நில்லுங்க."

"அரசாங்கம் எனக்கு ஆப்பு வெச்சாங்க. நான் ஆப்பை உருவறேன்" என்று கப்பல்காரர் சொல்லிச் சிரித்தார். மேஸ்திரியைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரிக்கு மதியம் வரைக்கும் அவர்தான் முதலாளி.

*

அவர் செய்த இன்னொரு காரியம், வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டது.

"உன் தம்பியைப் பன்னெண்டு மணி வரைக்கும் வீட்லயே பிடிச்சு வை. எப்படியாவது பேச்சுக் குடு."

"எதுக்கு?"

"கப்பலைத் தண்ணில விடப் போறேன். வெச்சிடறேன்."

மகாராணி தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எந்தக் கப்பலை? என் பேர் எழுதின கப்பலையா? அதை விடுகிற அன்றைக்கு எனக்குக் கிடைத்த வேலை தம்பியைக் கட்டிப் போடுவதா? நீயும் வா என்று ஒரு வார்த்தை வந்ததா?

அவளுக்குப் பொய் வராது. சின்னப் பொய்யைச் சொன்னாலே காது சிவந்துவிடும். ஆகவே மாடிக்குப் போய் நேராகவே சொன்னாள்.

"டேய், உன்னைப் பன்னெண்டு மணி வரைக்கும் வீட்லயே பிடிச்சு வைக்கச் சொல்லியிருக்கார் அத்தான். கப்பலை விடப் போறாராம்."

அவன் பாய்ந்து எழுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"பிடிச்சு வைக்கவே வேண்டாமேக்கா. பன்னெண்டுக்கு முன்னாடி நான் அந்த கேட்டைத் தாண்டினாலே அத்துமீறல். பொறுப்பேற்பே செல்லாமப் போயிடும். வெளில நின்னு பாக்கத்தான் முடியும்."

"அப்ப பாக்கலாம் வா. எனக்கும் பாக்கணும்."

ஆக, கப்பல்காரர் யாரை வீட்டில் வைக்கச் சொன்னாரோ அவனும், வைக்கச் சொல்லப்பட்டவளும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.

தம்பி வாசற்கதவுக்கு ஓர் அடி வெளியே, வெயிலில், குடை இல்லாமல் நின்றான். "உள்ள வந்து நிழல்ல நில்லுங்க சார்" என்று காவலாளி கெஞ்சினார். "பன்னெண்டுக்கு வரேன்" என்றான் தம்பி.

மகாராணி உள்ளே போனாள். கணவர் கண்ணில் படும்படி இரண்டு தடவை குறுக்கே நடந்தாள். அவர் கொழுப்பு வாளிகளைத் தவிர எதையும் பார்க்கும் நிலையில் இல்லை. மூன்றாவது தடவை நடக்க அவளுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. மறுபக்கத்து மரப்படிகளில் ஏறிக் கப்பலுக்குள் போனாள்.

உள்ளே ஓர் அறை வெளிர் நீலச் சாயம் அடித்து வெறுமையாக இருந்தது. கவிழ்த்திருந்த சாயத் தகரத்தின்மேல் உட்கார்ந்தாள். கீழே சம்மட்டிச் சத்தம் கேட்டது. கேட்கட்டும். என்னைக் கூப்பிடாமல் விடமாட்டார். எங்கே மகாராணி என்று ஒரு குரல் வரும். வந்ததும் உடனே பதில் சொல்லக் கூடாது, கொஞ்சம் தேடவிட வேண்டும்.

வெளியே ஆணி மூன்று தடவை கத்தினாள். "மேல யாராவது இருக்கீங்களா?" காற்று அதை ஆற்றுப் பக்கம் கொண்டுபோனது. "யாரும் இல்லம்மா" என்றார் மேஸ்திரி. மரப்படியை இழுத்து ஓரம் போட்டார்கள்.

கடைசி ஆப்பு தெறித்தது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சரிவு முழுவதும் ஒரு பெரிய முனகல் எழுந்தது. கப்பல் யோசித்து யோசித்து நகர்ந்தது, பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டு வழுக்கியது. தொப்பிகள் பறந்தன. பின்பக்கம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கியது, அலை கரையேறி எல்லோருடைய காலையும் நனைத்தது. மிதந்தது! சாயாமல், சரியாமல், அத்தனை அழகாக மிதந்தது. கப்பல்காரர் மேஸ்திரியைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டார்.

மேல்தளத்தில் ஒரு தலை தெரிந்தது.

"என்னங்க!" என்றது அந்தத் தலை.

கூச்சல் சட்டென்று நின்றது. மோட்டார் படகில் கயிற்றைப் பிடித்திருந்த ஆள், "ஐயோ அம்மா மேல இருக்காங்க!" என்று இரண்டு கையாலும் சுட்டிக் காட்டினார். இரண்டு கையாலும் காட்டினால் கயிற்றை யார் பிடிப்பது? கயிறு வழுக்கித் தண்ணீருக்குள் போனது.

காற்று கப்பலை மெதுவாகத் திருப்பி, அக்கரைப் பக்கம் நடத்திக்கொண்டு போனது.

"அக்கா!"

வாசலிலிருந்து வந்த குரல் அது. அதிகாரியின் குரல் இல்லை. அரைக்கால் சட்டை போட்ட காலத்துக் குரல். தம்பி வாசலைத் தாண்டி, காவலாளியைத் தாண்டி, கொழுப்புத் தடவிய சரிவில் பாதி ஓடியும் பாதி உட்கார்ந்தும் இறங்கி, கரைக்கு வந்த மோட்டார் படகில் தொப்பென்று விழுந்தான். கயிற்றை விட்ட ஆளை இறக்கிவிட்டு ஏற்கெனவே அதில் ஏறியிருந்த ஆணி இயந்திரத்தை முடுக்கினாள். பின்னாலேயே கப்பல்காரரும் குதித்தார்.

படகு பாய்ந்தது. முன்பக்கம் இரண்டு ஆண்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பியின் கால்சட்டை முழுக்கக் கொழுப்பு.

"உங்க மாமாவைக் கொக்கிக் கழியை எடுக்கச் சொல்லு" என்றார் கப்பல்காரர் மகளிடம்.

"நான் படகு ஓட்டறேன்ப்பா. நீங்களே சொல்லிக்குங்க."

"உங்கப்பாவை என் கால் மேல இருந்து எந்திரிக்கச் சொல்லும்மா. கழி அதுக்கடியிலதான் இருக்கு" என்றான் தம்பி.

"தபால் பெட்டி கப்பல்ல போகுது, பாருங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினாள் ஆணி.

பார்த்தார்கள். மகாராணி மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பயத்தை முகத்தில் காட்டாமல், எங்கோ ஊருக்குப் போகிறவள்போல நின்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. கப்பலுக்கு எதிரே, அரசாங்கத் துறைமுகத்தின் கல் மேடை நெருங்கிக்கொண்டிருந்தது.

கப்பல்காரர் சபதத்தை மறந்தார்.

"டேய்! கயிறு அதோ மிதக்குது! கழியைப் போட்டு இழுடா!"

"எட்டலத்தான்! இடுப்பைப் பிடிச்சுக்குங்க!"

பிடித்தார். அவன் பாதி உடம்பு வெளியே தொங்க, கழியைப் போட்டுக் கயிற்றை இழுத்தான். இருவருமாகச் சேர்த்துப் படகில் கட்டினார்கள். ஆணி படகைப் பின்னோக்கி இழுத்தாள். அவ்வளவு பெரிய கப்பலை அந்தச் சின்னப் படகால் நிறுத்த முடியாதுதான். ஆனால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்க முடிந்தது. மகாராணி துறைமுக மேடையில் தொங்கிய பழைய டயர்களின்மேல் பூப்போல வந்து சாய்ந்தாள். இரண்டு மகாராணிகளும்தான்.

ஊரில் நண்பகல் சங்கு ஊதியது.

"என்னைக் கேக்காம ஏன் விட்டீங்க?" மேலிருந்து முதல் கேள்வி வந்தது.

"உன் பேரை அழிச்சிட்டு நம்பர் போட்டுடுவாங்கன்னுதான்..." கப்பல்காரர் அண்ணாந்தபடி சொன்னார். "உன் பேரோடயே இது தண்ணியைப் பாக்கணும்னு இருந்துச்சு."

மேலே புடவைத் தலைப்பு ஒருமுறை முகத்துக்குப் போய் வந்தது.

"அங்க ஒரு கயித்தேணி கிடக்கும், இறக்கு. மேல வரேன்."

"இறக்க மாட்டேன். ரெண்டு பேரும் கீழயே பேசி முடிங்க. பேசி முடிச்சப்புறம் பாக்கலாம்."

துறைமுகக் காவலர் ஒருவர் மேடைமேல் ஓடிவந்தார். "யாருதுங்க இந்தக் கப்பல்?"

கப்பல்காரர் வாயைத் திறந்தார். தம்பியும் பழக்கதோஷத்தில் திறந்தான்.

"என்னோடது" என்றாள் மகாராணி. "என்ன விஷயம்?"

"இங்க நிறுத்தக் கூடாதும்மா."

"நான் நிறுத்தல. அதுவா நின்னுடுச்சு. உங்களால முடிஞ்சா கிளப்பிப் பாருங்க."

காவலர் சுக்கான் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், மேலதிகாரியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

படகு மெல்ல ஆடியது. ஆணி இயந்திரத்தை நிறுத்தினாள். அவர்கள் விட்டுவந்த கரையில் தளத்தின் வாசற்கதவு விரியத் திறந்து கிடப்பது இங்கிருந்தே தெரிந்தது. கப்பல்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அந்தக் கதவைத் தாண்டியபோது நண்பகல் ஆகவில்லை. தளத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொறுப்பேற்பு செல்லாது. கப்பல் மிதந்து தப்பிவிட்டது, தளமும் மிஞ்சும். இவனுடைய வேலை மட்டும் மிஞ்சாது.

தம்பி குனிந்து, கையிலிருந்த கொழுப்பை ஆற்றுத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். கயிறு அறுத்த உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. கப்பல்காரர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கேட்காமலே அந்தக் கையைச் சுற்றிக் கட்டினார்.

"நீ கேட்டைத் தாண்டினப்ப மணி என்னன்னு நான் பாக்கலடா" என்றார் மெதுவாக.

தம்பி தலையைத் தூக்கினான். வெயிலில் நின்ற முகம் கன்றிப்போயிருந்தது.

"நான் பாத்தேனே அத்தான்" என்றான்.